காப்புக் கட்டிய கையால் போட்ட கையெழுத்து

தாயின் வாசலில் நின்று வாயால் சொல்ல வேண்டியதை இங்கே எழுதிச் சொல்கிறேன். அங்கே நின்று பேச ஆரம்பித்தால் அழுகை முந்திக்கொள்ளும், பாதியில் நின்றுவிடுவேன். மாரியம்மனை நம்பியிருக்கிற உங்களுக்கு நடந்தது முழுதாகத் தெரிய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

என் பெயர் சாந்தாமணி. ஜேடர்பாளையத்துக்குக் கிழக்கே வாய்க்கால் கரையில் எங்கள் ஊர். நாமக்கல்லில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, உதவியாளராகி, கடைசியில் கண்காணிப்பாளர் ஆனேன். தனி மேசை, முதுகுக்குப் பின்னால் ஜன்னல், மேசை மேல் என் பெயர் எழுதிய பலகை. என் வீட்டுக்காரர் லாரி பாடி கட்டும் பட்டறையில் மேஸ்திரி. அந்தப் பலகையைப் பார்ப்பதற்கென்றே ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எழுத்து நல்லாத்தான் இருக்குது, பெயிண்ட்டுதான் மட்டம்" என்றார். அவர் வாயிலிருந்து வரும் பாராட்டு அவ்வளவுதான், எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

இரண்டு வருடம் அந்த நாற்காலியில் இருந்தேன். பிறகு ஓர் ஆனி மாதம், திங்கட்கிழமை காலையில் உத்தரவு வந்தது. நான் அந்தப் பதவிக்குத் தகுதியற்றவர் என்று கண்டறியப்பட்டதாம். அதனால் மறுபடியும் உதவியாளராகப் பதவியிறக்கமாம். யார் கண்டறிந்தார்கள், எப்போது, எதை வைத்து? ஒரு வார்த்தையும் இல்லை. எங்கள் அலுவலகத்தின் தலைவரான அலுவலரிடம் போய்க் கேட்டேன்.

"மேல இருந்து வந்தது மேடம். நான் என்ன பண்ணட்டும்?" என்று விரலை மேலே காட்டினார். மேலே மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானமே இன்னொருவர் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சேலம் பக்கமிருந்து அழைத்து வரப்பட்டவர். அந்த நாற்காலி அவருக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான் விஷயம் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. என் பெயர்ப் பலகை மாடிப்படிக்கு அடியில், விளக்குமாற்றுக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் அது முழங்காலை இடித்துக்கொண்டே வந்தது.

பதவி போனது கூடப் பெரிதில்லை. தகுதியற்றவர் என்ற சொல்தான் என்னை அறுத்தது. இரண்டு வருடத்தில் ஓய்வு. முப்பது வருடம் மாடாக உழைத்துவிட்டு அந்தச் சொல்லோடு வீட்டுக்குப் போக வேண்டுமா? தூக்கம் போனது. சோறு இறங்கவில்லை. சாயங்காலம் வாய்க்கால் கரையில் நடந்து வரும்போது தண்ணீரைப் பார்க்கவே பயமாக இருந்தது. நின்று பார்த்தால் கால் தானாக ஒரு படி இறங்கிவிடும்போல இருந்தது. அதன் பிறகு அந்த வழியில் வருவதை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு ரோட்டு வழியாக வந்தேன்.

வீட்டுக்காரர்தான் சேலத்தில் ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனார். வாரத்தில் பாதி நாள் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருப்பவர். உத்தரவைப் படித்துவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி விளக்கம் கேட்டு உங்களுக்கு நோட்டீஸ் ஏதாவது வந்துதாம்மா?"

"இல்லீங்க."

"அப்ப அது ஒண்ணே போதும். ஒருத்தரக் கேக்காமத் தகுதி இல்லைன்னு எழுத முடியாது."

ஆடி மாதம் வழக்குப் போட்டோம். மனு ஏற்கப்பட்டது, ஆனால் உத்தரவுக்குத் தடை கிடைக்கவில்லை. வழக்கு முடிகிறவரை நான் கீழே உட்கார்ந்து, என் நாற்காலியில் இருந்தவருக்கே கோப்புகளை எடுத்து வைக்க வேண்டும். வைத்தேன். அலுவலர் என்னைப் பார்க்கும் போதெல்லாம் சிரித்தார். முன்பு சிரிக்காதவர். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ தயாராகிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

முருகேசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலக உதவியாளன், அதாவது பியூன், எங்கள் ஊர்க்காரன், நாற்பதைத் தாண்டியவன். வருடக்கணக்காக ஒரே பஸ்ஸில் போய்வந்தோம். அவன் முதலில் ஏறித் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைப்பான். "அக்கா, வாங்க, சன்னலோரம்" என்பான். மாசி மாதக் கடைசியில் இருந்து அவன் இடம் பிடிப்பதை நிறுத்தினான். பின்படியில் தொங்கிக்கொண்டு வந்தான். கண்ணில் படாமல் இறங்கிப் போனான். என்னிடம் பேசினால் வேலைக்கு ஆபத்து என்று பயப்படுகிறான்போல, பாவம், பிள்ளைகுட்டிக்காரன் என்று விட்டுவிட்டேன்.

பங்குனியில் எங்கள் ஊரில் கம்பம் நட்டார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று கிளையாகக் கவட்டை விட்ட மரத்தை வெட்டி வந்து மாரியம்மனுக்கு எதிரே நடுவார்கள். திருவிழா முடிகிறவரை பெண்கள் காலையில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக அதற்கு ஊற்றுவோம். தீச்சட்டி எடுக்கிறவர்கள் கையில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். காப்புக் கட்டிய கை தாயின் கை. அந்தக் கையால் அடிக்கக் கூடாது, திருடக் கூடாது, பொய் சொல்லிச் சத்தியம் செய்யக் கூடாது. அந்த வருடம் முருகேசனும் காப்புக் கட்டியிருந்தான்.

கம்பம் நட்ட சில நாளில் வக்கீல் போன் செய்தார். குரலே சரியில்லை.

"அம்மா, அவங்க பதில் மனு போட்டிருக்காங்க. உத்தரவு போடறதுக்கு முன்னாடியே நோட்டீஸ் கொண்டு வந்து குடுத்தாங்களாம். நீங்க வாங்க மாட்டேன்னு சொல்லி மூஞ்சியிலே வீசி எறிஞ்சீங்களாம். சாட்சி ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருக்கார்."

"யாருங்க?"

"முருகேசன். ஆபீஸ் அசிஸ்டெண்ட்."

எனக்குக் காதுக்குள் இரைச்சல் எடுத்தது. வக்கீல் பேசிக்கொண்டே இருந்தார். நோட்டீஸை வாங்க மறுத்தது உண்மை என்று நின்றுவிட்டால், கொடுத்ததாகவே கணக்காம். அப்படியானால் நம் வழக்கின் முதுகெலும்பே போய்விடுமாம். நான் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை குடத்தோடு கம்பத்துக்குப் போனேன். மற்ற பெண்கள் குலவை போட்டுக்கொண்டு ஊற்றினார்கள். என் வாயில் குலவை வரவில்லை. ஒரு குடம் முழுதும் ஒரே மூச்சில் ஊற்றிவிட்டு, கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டேன். "தாயே, உன் காப்பைக் கட்டிக்கிட்டு எம்மேலே பொய்யை எழுதின கை. அந்தக் கையை நீயே பாத்துக்கோ." அவ்வளவுதான் கேட்டேன். ஈர மரம் கைக்குச் சில்லென்று இருந்தது.

திருவிழா நடந்தது. தீச்சட்டி எடுக்கும் நாளில் முருகேசன் வரவில்லை. கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் விடும்போதும் அவனைக் காணோம். கூட்டத்தில் ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள். "முருகேசன் ஊட்டுல தாயி எறங்கியிருக்கா. ஒடம்பு பூராவும் முத்துப் போட்டிருக்குதாம்."

அம்மை. எனக்கு முதலில் வந்தது சந்தோஷமா பயமா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. உள்ளங்கை வேர்த்தது. அந்தக் கை கம்பத்தைப் பிடித்திருந்த கை. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன். என்ன பைத்தியக்காரத்தனம் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது, ஆனாலும் மறுபடி கழுவினேன்.

இரண்டு நாள் கழித்து முருகேசன் பெண்டாட்டி செல்வி எங்கள் வீட்டுக்கு வெளியே வந்து நின்றாள். அம்மை கண்ட வீட்டு ஆட்கள் இன்னொரு வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றாள். தலை கலைந்து, கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

"அக்கா, அவரு ராத்திரி பகலா உங்க பேரைத்தானுங்க சொல்லிட்டிருக்காரு. ஒரு எட்டு வந்துட்டுப் போங்கக்கா. கையெடுத்துக் கும்பிடறேன்."

என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்தே கத்தினார். "போவாத சாந்தா! உனக்குக் குழி வெட்டுனவன் அவன். இதுல வேற ஏதாவது சூது இருக்கும்."

"எனக்குச் சின்ன வயசுலயே அம்மை வந்து போயிருச்சுங்க. ஒண்ணும் ஆவாது" என்றேன். அவர் சொன்னது அந்த நோயைப் பற்றி இல்லை என்று எனக்கும் தெரியும். கிளம்பிவிட்டேன்.

அவர்கள் வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்துச் செருகியிருந்தது. உள்ளே வாழை இலை மேல் முருகேசன் கிடந்தான். முகம் அடையாளம் தெரியவில்லை. கண் இமையில் கூட முத்து. காப்பு மட்டும் இன்னும் மணிக்கட்டில் இருந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது, நடுவில் இருமல்.

"அக்கா, நான் அந்த நோட்டீஸைப் பாக்கவே இல்லீங்க. மாசியிலயே சொல்லி வெச்சாங்க, காப்புக் கட்டுன பொறவுதான் ஆபீசரு ரூமுக்குக் கூப்புட்டாரு. இங்க கையெழுத்துப் போடு, இல்லாட்டி உன்னையக் கொல்லிமலைக்கு மாத்திப் போடுவேன்னாருங்க. பழைய தேதியப் போட்டு வெச்சிருந்தாங்க. போட்டுட்டேனுங்க. இந்தக் கையில... இந்தக் கையிலதானுங்க..."

அதற்கு மேல் பேச முடியாமல் இருமினான். எச்சிலில் ரத்தம் இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வழக்கு, நாற்காலி, பலகை எல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை. இவன் செத்துப்போவான் என்று மட்டும்தான் தோன்றியது.

"ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம் செல்வி, நெஞ்சுல சளி எறங்கிருச்சு" என்றேன்.

வீட்டுக்கு வெளியே நின்ற உறவுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவன் மாமனார்தான் பேசினார். "அம்மிணி, காப்போட பொய் சொன்னதுக்குத் தாயி வந்து குந்தியிருக்கா. ஊசி போட்டா அவ கோவம் எங்க போயி நிக்குமோ. தாயிகிட்ட பூக் கேட்டுப்போட்டு எடுப்போம்."

கோயிலுக்குப் போனோம். பூசாரி, அம்மனின் வலது தோளிலும் இடது தோளிலும் தண்ணீரில் நனைத்த அரளிப் பூவை ஒட்டி வைத்தார். வலது பூ விழுந்தால் சம்மதம். இடது விழுந்தால் கூடாது. எங்கள் பக்கம் கல்யாணமானாலும் கிணறு வெட்டுவதானாலும் இப்படிக் கேட்டுவிட்டுத்தான் செய்வோம்.

பூ விழவில்லை. இரண்டுமே விழவில்லை. கற்பூரம் எரிந்து அணைந்தது, இன்னொன்று ஏற்றினார். வெளியே வெயில் கொளுத்தியது. பூசாரி முகம் வெளுத்துக்கொண்டே போனது. இப்படி அவள் வாய் மூடி இருந்து தான் பார்த்ததில்லை என்று முணுமுணுத்தார். செல்வி சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது எனக்குப் புரிந்தது. அவள் பூசாரிக்குப் பதில் சொல்லப்போவதில்லை. கேட்டவள் நான். நானல்லவா பேச வேண்டும்?

எல்லோரும் கேட்கும்படிதான் சொன்னேன். "தாயே, கம்பத்தைப் புடிச்சுக்கிட்டு நான் ஒண்ணு கேட்டேன். அதைத் திருப்பிக் குடுத்துரு. எனக்குக் கேஸு வேண்டாம், பதவி வேண்டாம். தகுதி இல்லாதவளாவே இருந்துட்டுப் போறேன். இவனை மட்டும் உட்டுரு. ரெண்டு புள்ளைங்க இருக்குது தாயே."

வலது பூ விழுந்தது. சத்தமே இல்லாமல் விழுந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

என் வீட்டுக்காரர்தான் பட்டறை முதலாளியின் காரைக் கேட்டு வாங்கி வந்தார். போகாதே என்று கத்திய அதே மனிதர், முருகேசனைப் போர்வையோடு தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களைத் திட்டினார். நுரையீரலில் இறங்கிவிட்டது, இன்னும் ஒரு நாள் வைத்திருந்தால் பிணத்தைத்தான் தூக்கி வந்திருப்பீர்கள் என்றார். பல நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். நான் தினமும் கோயிலுக்குப் போய் அவன் பேரைச் சொன்னேன். என் பேரைச் சொல்லவில்லை. அவன் பிழைத்தான்.

ஆனால் என் கெட்ட காலம் முடியவில்லை. அலுவலர் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"முருகேசன் வீட்டுக்குப் போனீங்களாமே மேடம்? சாட்சியை மிரட்டினதா எழுதட்டுமா? பதவி மட்டுமா போகும், பென்ஷனும் சேந்து போகும். யோசிச்சுக்கோங்க."

நான் வக்கீலுக்குப் போன் செய்து மனுவைத் திரும்ப வாங்கிவிடலாம் என்றேன். தாயிடம் சொன்ன வார்த்தை அது. மேலும் முருகேசனை உண்மை சொல்லச் சொன்னால் அவன் வேலை போகும். படுக்கையில் கிடக்கிறவனிடம் போய் அதைக் கேட்க எனக்கு மனது வரவில்லை. வக்கீல் டைரியைப் புரட்டும் சத்தம் கேட்டது. "விசாரணை அன்னிக்கு நேர்ல வாங்கம்மா. அங்க வந்து சொல்லுங்க, எடுத்துடலாம்" என்றார்.

வைகாசியில் விசாரணை வந்தது. நானும் வீட்டுக்காரரும் சென்னைக்குப் போனோம். நீதிமன்ற வராண்டாவில் ஒருவன் தலையில் துண்டு போட்டு முகத்தை மூடி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் செல்வி. துண்டை விலக்கினான். முகமெல்லாம் குழிகுழியாகத் தழும்பு.

"தலைக்குத் தண்ணி ஊத்துன மறுநாளே சேலத்துக்கு வந்து வக்கீலைப் பாத்துட்டேனுங்கக்கா. சத்தியப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டேன். உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு நாந்தான் சொன்னேன். சொன்னா வேண்டாம்பீங்க."

"வேலை போயிருமே முருகேசா!"

"போனாப் போவுது. நீங்க தாயிகிட்ட உட்டுக் குடுத்தீங்க. நான் குடுக்காம இருந்தா என்ற கை என்னத்துக்காவும்?"

உள்ளே, மனுவைத் திரும்ப வாங்கும் பேச்சை நான் எடுப்பதற்கு முன்பே எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, சாட்சி மிரட்டப்பட்டிருக்கிறார், மனுதாரர் அவர் வீட்டுக்கே போயிருக்கிறார் என்றார். நீதிபதி ஓர் அம்மா. அந்த ஆள் வந்திருக்கிறாரா என்று கேட்டார். முருகேசன் எழுந்து துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தான். அந்த அறையே அவன் முகத்தைப் பார்த்தது.

"உங்களை யாராவது மிரட்டினாங்களா?"

"மிரட்டுனாங்கம்மா. அது பொய்க் கையெழுத்துப் போடச் சொன்னப்ப. இந்த அக்கா என்ற உசுரைக் காப்பாத்துனாங்க."

"நோட்டீஸை எப்பப் பாத்தீங்க?"

"கையெழுத்துப் போட்டப்பத்தானுங்க மொதல்ல பாத்தேன். கையில காப்பு இருந்துச்சுங்க. பங்குனி மாசமுங்க."

உத்தரவு போட்டது ஆனியில். நோட்டீஸ் கண்ணில் பட்டது அடுத்த பங்குனியில். எதிர்த்தரப்பு வக்கீல் கோப்பைப் புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார். ஒருவரைக் கேட்காமல் அவருக்குத் தகுதி இல்லை என்று எழுத யாருக்கும் அதிகாரம் இல்லை என்று நீதிபதி சொன்னார். பதவியிறக்க உத்தரவு ரத்தானது. பழைய பதவியும் பணிமூப்பும் அப்படியே திரும்பின. பொய்யாகத் தேதி போட்டவர்கள் மேல் விசாரணைக்கும் உத்தரவு வந்தது. அலுவலர் அதன் பிறகு சிரித்து நான் பார்க்கவில்லை.

வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்ததை அவள் என் கையிலேயே கொண்டு வந்து வைத்தாள். நான் கேட்டபோது தரவில்லை. அவனுக்காக விட்டபோது அவன் கையாலேயே தந்தாள். இதற்கு மேல் நான் என்ன சாட்சி சொல்ல?

பலகையை வீட்டுக்காரர் எடுத்துப் போய் நல்ல பெயிண்ட்டாக அடித்துக் கொடுத்தார். மறுபடி நாற்காலியில் உட்கார்ந்த வாரத்தில் என் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. பொய்ச் சாட்சி கையெழுத்துப் போட்டதற்காக முருகேசனிடம் விளக்கம் கேட்கும் நோட்டீஸ். முறைப்படி அவன் கையில் சேர்ப்பிக்க வேண்டியது நான். எழுந்து நானே கொண்டு போனேன்.

"வாங்கிக்க முருகேசா. நிதானமாப் படி. சொல்றதையெல்லாம் எழுதிக் குடு. கேப்பாங்க."

அவன் தழும்பு விழுந்த கையால் வாங்கி, அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டான். கேட்டார்கள். உண்மையைத் தானாக வந்து சொன்னான் என்பதால் ஓர் ஊதிய உயர்வை நிறுத்தியதோடு விட்டார்கள். இப்போது பஸ்ஸில் மறுபடி துண்டு போட்டு இடம் பிடிக்கிறான்.

இந்தப் பங்குனியில் செல்வியும் நானும் ஒன்றாகப் போய்க் கம்பத்துக்கு ஊற்றினோம். கம்பத்தைப் பிடிக்கும்போது எனக்கு இன்னும் பயம்தான். அந்த ஈரமும் குளிர்ச்சியும் அப்படியே இருக்கின்றன. இப்போதெல்லாம் யார் பேரையும் சொல்லி நான் எதுவும் கேட்பதில்லை. எல்லோரையும் நல்லபடியாக வை என்று மட்டும் சொல்லிவிட்டு, குடத்தைக் கவிழ்த்துக்கொண்டு வருகிறேன்.

உங்களில் யாரையாவது அநியாயமாகத் தள்ளி வைத்திருக்கலாம். யாரோ உங்கள் மேல் பொய்யை எழுதியிருக்கலாம். தாயிடம் போங்கள். நம்பிக் கேளுங்கள். ஆனால் வாயிலிருந்து வார்த்தை வருவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். நீங்கள் கேட்பது அவள் காதில் விழுகிறது.